ஆறாம் மேசையின் மீன்குஞ்சுகள்

சட்டை தைக்கும் தொழிற்சாலையை மூடியபோது பொலிக்ஸேனிக்கு நாற்பத்தேழு வயது. இருபத்திரண்டு வருடமாகக் காலர் மட்டுமே தைத்தவள். அந்த வயதில் வேலை போன பெண்களுக்குக் கிரேக்கக் கடலோர ஊரான அஸ்ப்ரோயாலியில் இரண்டே வழிதான். கோடைகாலத்தில் விடுதிகளில் படுக்கை விரிப்பு மாற்றலாம். இல்லையென்றால் பத்ராஸில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்ப் பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ளலாம். அவளுக்கு இரண்டிலும் மனம் ஒட்டவில்லை. மீன் பண்ணையில் மூன்று மாதப் பயிற்சி, தேறியவர்களுக்கு நிரந்தர வேலை என்று நகராட்சிப் பலகையில் ஒட்டியிருந்ததைப் படித்தாள். அன்றைக்கே போய்ப் பெயர் கொடுத்துவிட்டு வந்தாள்.

அவள் கணவன் தீமியோஸ் படகு வைத்து மீன் பிடிக்கிறவன். பண்ணை மீன் என்றாலே முகத்தைச் சுளிப்பான்.

"மூட்டைத் தீனி தின்னுற மீனுக்கு ஆயா வேலை பாக்கப் போறியா? காப்பிக்கடையில என்னை நிம்மதியா உக்கார விடுவானுங்களா?"

"நின்னுக்கிட்டே குடி" என்றாள் அவள்.

பயிற்சிக்கு வந்தவர்கள் பன்னிரண்டு பேர். அவளைவிட மூத்தவர் யாருமில்லை. முதல் மாதம் முழுக்கக் கடலில் மிதக்கும் வலைக்கூண்டுகளில் வேலை. இருபத்தைந்து கிலோ தீவன மூட்டையைப் படகிலிருந்து தூக்கி, ஆடுகிற மேடையில் நடந்து, மீன்கள் மேலே வந்து தின்னும் வேகத்தைப் பார்த்துப் பார்த்து வீச வேண்டும். மேஸ்திரி மேனியோஸ் பதினைந்து வருடமாக அந்தப் பண்ணையில் இருப்பவர். கெட்ட மனுஷன் இல்லை. வாய்தான் சும்மா இருக்காது. ஒருநாள் பொலிக்ஸேனி தடுமாறி ஒரு மூட்டையைக் கூண்டுக்கு வெளியே கொட்டிவிட்டாள்.

"அக்கா, வெளியில திரியுற மீனுக்கெல்லாம் இன்னிக்கு உங்க விருந்தா? இது காஜா எடுக்குற இடமில்ல, பாத்து நடங்க" என்றார். படகே சிரித்தது. அன்று இரவு முதுகைப் பலகைபோல் நிமிர்த்தி வைத்துக்கொண்டுதான் படுக்க முடிந்தது. மறுநாள் காலையில் எல்லோருக்கும் முன்னால் படகுத்துறையில் நின்றாள்.

இரண்டாம் மாதம் கரைக்கு வந்தார்கள். குஞ்சுகள் வளரும் கொட்டகை அது. விரல் நீளம் வளர்ந்த கொடுவாக் குஞ்சுகளைக் கடலுக்கு அனுப்புவதற்கு முன் ஒவ்வொன்றுக்கும் தடுப்பூசி போட வேண்டும். சொல்லிக்கொடுக்க வந்தவள் இலெக்ட்ரா, மீன் நோய்கள் படித்தவள், முப்பது வயது. மயக்கமருந்து கலந்த தண்ணீரில் குஞ்சுகள் மல்லாந்து மிதந்தன. ஒன்றை ஈரக் கையுறையால் எடுத்து வயிற்றைத் திருப்பிக் காட்டினாள்.

"இந்தத் துடுப்புக்குப் பின்னால, ஒரு நெல்லு அகலம் தள்ளி. தோலைத் தாண்டினா போதும். ஆழமாப் போனா குடல்ல பாயும். இன்னிக்கு நல்லாத்தான் நீந்தும். நாலு நாள் கழிச்சுச் செத்து மிதக்கும்."

பன்னிரண்டு மேசை, மேசைக்கு ஒருவர். ஒவ்வொரு மேசையின் குஞ்சுகளும் தனித்தனித் தொட்டிக்குப் போயின. பொலிக்ஸேனிக்கு ஆறாம் மேசை. விசையை இழுத்தால் மருந்து பாயும் ஊசித் துப்பாக்கியைக் கையில் வாங்கியதுமே விரல்களுக்கு அது பழகிப்போனது. எடு, திருப்பு, குத்து, விடு. தலையை நிமிர்த்தாமல் போட்டுக்கொண்டே இருந்தாள்.

ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை மேனியோஸ் சுவர்ப்பலகையில் எண்களை எழுதினார். மற்றவர்கள் ஆயிரத்தைத் தொட்டார்கள், தாண்டினார்கள். ஆறாம் மேசைக்கு எதிரே அறுநூற்று நாற்பது. அவள் நடுநடுவே நிறுத்திவிட்டு ஊசியைக் கழற்றுவதைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"என்னக்கா, அதுக்குள்ள களைச்சுப் போச்சா?"

"ஊசி மழுங்கிடுச்சு. மாத்துறேன்."

"முந்நூறு மீனுக்கா? ஆயிரத்துக்கு ஒரு ஊசின்னு சொல்லியிருக்கோம்."

"அது எண்ணிப் பாத்தா மழுங்குது? செதில்ல பட்டா மழுங்கிடும். கைக்குத் தெரியுது மேனியோஸ். மழுங்கின ஊசியை அமுக்கணும். அமுக்கினா எங்க போய் நிக்கும்னு யாருக்குத் தெரியும்?"

"இந்த வேகத்துல போனா கிறிஸ்துமஸ் வரைக்கும் குத்திக்கிட்டே இருக்கணும்."

அடுத்த மேசைக்காரன் களுக்கென்று சிரித்தான். இலெக்ட்ரா கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். அருகில் வந்து, பொலிக்ஸேனி கழற்றிப் போட்ட ஊசியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். முனை மிக லேசாக வளைந்திருந்தது. "அவங்க வழியில அவங்க போடட்டும்" என்று மட்டும் சொன்னாள்.

மூன்று நாள் ஊசி போட்டு முடிந்தது. பலகையில் பொலிக்ஸேனியின் பெயர் கடைசியில் இருந்தது. யாரும் அழிக்கவில்லை. போகும்போதும் வரும்போதும் அது கண்ணில் பட்டது. தைக்கிற காலத்தில் அவள் பெயர் ஒருநாளும் கீழே இருந்ததில்லை. இனி நம்மை அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்தாள். ஆனாலும் அடுத்த தடவை வேகமாகப் போடுவோம் என்று மட்டும் அவளுக்குத் தோன்றவே இல்லை.

வீட்டில் அவள் கட்டைவிரல் வீங்கியிருந்ததைத் தீமியோஸ் பார்த்தான். ஒன்றும் கேட்காமல் ஒரு கிண்ணத்தில் சுடுதண்ணீரும் உப்பும் போட்டுக் கொண்டுவந்து வைத்தான். அவள் விரலை முக்கிக்கொண்டே நடந்ததைச் சொன்னாள்.

"எல்லாரும் வேகமாப் போடுறப்போ நீ மட்டும் ஏன் மெதுவாப் போட்டே?"

"அமுக்கினா சாகும்."

அவன் கிண்ணத்தில் இன்னும் கொஞ்சம் சுடுதண்ணீர் ஊற்றினான். "அது சரிதான். உசிரோட இருக்குற மீனை அமுக்கக் கூடாது" என்றான். பண்ணை விஷயத்தில் அவன் அவளோடு ஒத்துப்போனது அதுதான் முதல் தடவை.

அடுத்த பன்னிரண்டு நாளும் தினம் காலையில் பயிற்சிக்காரர்கள் தொட்டிகளில் மிதக்கும் செத்த குஞ்சுகளைச் சல்லடையால் அள்ளி எண்ணி, இலெக்ட்ராவிடம் சீட்டுக் கொடுத்தார்கள். முதல் மூன்று நாள் எல்லாத் தொட்டியும் ஒரே மாதிரிதான். நாலாம் நாள் மூன்றாம் தொட்டியில் சல்லடை நிறைந்தது. அடுத்த நாள் ஒன்பதிலும் பதினொன்றிலும். பொலிக்ஸேனி தன் தொட்டியை எண்ணி முடித்ததும் அங்கே போய் அள்ளுவதற்குக் கைகொடுத்தாள்.

பதின்மூன்றாம் நாள் எல்லோரையும் கொட்டகையில் நிற்க வைத்து இலெக்ட்ரா படித்தாள். "ஒண்ணாம் தொட்டி இருநூத்திப் பத்து. ரெண்டு, நூத்தி எழுபது. மூணு, தொள்ளாயிரத்து நாப்பது." மூன்றாம் மேசைக்காரன் தலை குனிந்துகொண்டான். பலகையில் முதல் பெயர் அவனுடையது. "நாலு, முந்நூறு. அஞ்சு, இருநூத்தி அறுபது. ஆறு..." சீட்டை இன்னொரு முறை பார்த்தாள். "பத்தொம்பது."

"நூத்திப் பத்தொம்பதா?" என்று மேனியோஸ் கேட்டார்.

"பத்தொம்பது. உயிரோட இருக்குறதுல முப்பது குஞ்சை அறுத்தும் பாத்தேன். முப்பதுலயும் மருந்து இருக்க வேண்டிய இடத்துல இருக்கு. ஆயிரத்துக்கு ஒண்ணுன்னு நாங்க எழுதிவெச்ச விதிதான் தப்பு."

மேனியோஸ் பலகைக்கு முன்னால் போய் நின்றார். சட்டைக் கையால் வேகக்கணக்கு முழுவதையும், மேலிருந்து கீழ்வரை, துடைத்தார். பிறகு திரும்பினார்.

"இந்தக் கணக்கை எழுதினது நான். உங்களைக் கேலி பண்ணினதும் நான்தான். அடுத்த வாரம் இன்னும் ரெண்டு லட்சம் குஞ்சு வருது அக்கா. எங்களுக்குச் சொல்லிக் குடுங்க."

பொலிக்ஸேனியின் காது சிவந்துவிட்டது. பதினோரு பேர் அவள் மேசையைச் சுற்றி நெருங்கி நின்றார்கள். ஒரு புது ஊசியையும் ஒரு பழைய ஊசியையும் ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தாள். "கண்ணால பாக்காதீங்க. கையுறை ரப்பர்ல குத்திப் பாருங்க. புதுசு தானாப் போகும். பழசு ஒரு நொடி நிக்கும். அந்த நிக்கிறதைத்தான் கை தெரிஞ்சுக்கணும்." மூன்றாம் மேசைக்காரன் நாலாவது தடவையில் கண்டுபிடித்தான். அவன் முகத்தில் வந்த சிரிப்பைப் பார்த்து அவளுக்கும் சிரிப்பு வந்தது. பிறகு ஒவ்வொருவர் கையையும் பிடித்துக் காட்டினாள்.

எல்லோருக்கும் கடைசியாக மேனியோஸ் வந்து நின்றார். அவர் கையைப் பிடித்துத் திருப்பினாள்.

"மணிக்கட்டைத் தளத்துங்க. மூட்டை தூக்குற பிடி இது. இந்தக் குஞ்சு மொத்தமே பதினஞ்சு கிராம்தான்."

"இப்படியா?"

"இன்னும்."

அவர் இன்னும் தளர்த்தினார்.

பயிற்சி முடியும் முன்பே, புதுக் குஞ்சுகள் வந்த வாரத்தின் கடைசியில், வேலைக் கடிதம் வந்தது. தடுப்பூசிக் கூடத்தின் பொறுப்பு அவளுக்கு. வசந்தத்தில் வரப்போகும் அடுத்த குழுவுக்குச் சொல்லிக்கொடுக்கும் வேலையும் அதிலேயே எழுதியிருந்தது. பொலிக்ஸேனி அதை நின்றபடியே இரண்டு தடவை படித்தாள். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, கையுறையை நனைத்து மாட்டிக்கொண்டாள். ஆறாம் மேசையில் குஞ்சுகள் ஏற்கெனவே மயங்கி மல்லாந்திருந்தன.