மல்சுன் வண்டி ஓட்டாத நாள்

முட்டைகோஸை இலை இலையாக விரித்து மிளகாய் விழுது தடவிக்கொண்டிருந்த மல்சுனுக்கு, ஓரகத்தி யோன்சிம் சொன்ன ஒரு சொல்லில் ரத்தம் தலைக்கு ஏறியது.

"ஜனவரியிலேருந்து நீங்க வீட்டோட இருக்கப் போறீங்களாமே, அத்தான் சொன்னாருக்கா. நல்லதாப் போச்சு. அத்தையை முதியோர் இல்லத்துலேருந்து இங்கயே கூட்டிட்டு வந்துடலாம்."

"வீட்டோடயா? யாரு, நானா?"

யோன்சிம் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "ஐயோ, உங்களுக்குத் தெரியாதா? டிப்போ மேனேஜர்கிட்ட அத்தானே போய்ப் பேசிட்டு வந்தாராம்."

மல்சுனின் கை அப்படியே நின்றது.

இருபத்திரண்டு வருஷமாகக் கொரியாவின் தேகு நகரத்தில் பஸ் ஓட்டுகிறவள் மல்சுன். இந்தக் குளிர்காலத்தோடு அறுபது முடிகிறது. அறுபதானால் ஓய்வு. ஆனால் விருப்பமுள்ளவர்களை கம்பெனி ஒப்பந்தத்தில் மறுபடி எடுத்துக்கொள்ளும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஓட்டினால் போதும். அந்த ஒரு நாள் விட்டு ஒரு நாளுக்காகத்தான் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு இத்தனை காலம் ஓடினாள். விடியுமுன் முதல் வண்டி, இறங்கியதும் மாமியாரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவது, மகனுக்குப் பரீட்சை என்றால் சாப்பாட்டு டப்பா, திதி வந்தால் மாமனார் வழி முன்னோர் அத்தனை பேருக்கும் படையல். சிவப்பு விளக்கு விழுந்து வண்டி நிற்கும்போதுதான் அவள் நிம்மதியாக மூச்சு விட்டாள். வேலையை அடியோடு விட மனசில்லை, முழுசாக இழுக்க உடம்பில்லை.

போன வாரம் மேனேஜர் பாங் தலையைச் சொறிந்துகொண்டு, "இந்த வருஷம் இடம் கிடைக்கிறது கஷ்டம் அண்ணி" என்றான். கோடையில் ஒரு கம்பத்தில் கண்ணாடியை இடித்தோமே, அதனால்தான் கழித்துக் கட்டுகிறார்கள் என்று நினைத்து, டிப்போ கழிப்பறையில் தாழ் போட்டுக்கொண்டு அழுதாள். அன்று சாயங்காலம் புருஷன் கிதே வறுத்த கோழி வாங்கிவந்து, "போனா போகுது விடு, உடம்பைப் பாத்துக்க" என்று ஊட்டாத குறையாகத் தேற்றினார். பாவி மனுஷன்! முதுகில் குத்திவிட்டுக் கோழி வேறு!

உள்ளே கிதேயும் அவர் தம்பியும் பன்றிக்கறி வேகக் காத்திருந்தார்கள். கிம்ச்சி ஊறுகாய் போடும் நாளில் ஆண்களின் வேலை அதுதான்; புதுக் கிம்ச்சியில் சுற்றிக் கறியை விழுங்குவது. மல்சுன் அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. இடுப்பில் ஏப்ரன், கையில் மிளகாய் அப்பிய ரப்பர் கையுறை, அப்படியே செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினாள்.

"அக்கா, எங்க போறீங்க? பாதி கோஸ் அப்படியே கெடக்கு!"

"கெடக்கட்டும்!"

டிப்போ இரண்டு நிறுத்தம் தள்ளி. ஓட்டுநர்களின் ஓய்வறையில் பாங் காபி குடித்துக்கொண்டிருந்தான். சிவந்த கையுறையோடு வந்தவளைப் பார்த்ததும் எழுந்துவிட்டான்.

"அண்ணி! கையில என்ன, ரத்தமா?"

"இன்னும் இல்ல. எனக்கு இடமில்லன்னியே, ஏன்? என் முகத்தைப் பாத்துச் சொல்லு."

பாங் சுற்றியிருந்தவர்களைப் பார்த்தான். "அண்ணன்தான் பேரிக்கா பெட்டியோட வந்தாரு. 'அவ சொன்னாக் கேக்க மாட்டா, நீயே இடமில்லன்னு சொல்லி அனுப்பிடு'ன்னாரு. பள்ளிக்கூடத்துல எனக்கு ரெண்டு வகுப்பு மூத்தவரு. மூத்தவர் பேச்சை எப்படி அண்ணி தட்டுறது?"

அதுதானே! இந்த ஊரில் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டால் தலை நரைத்த பிறகும் மூத்தவன் மூத்தவன்தான், இளையவன் இளையவன்தான். அவன் எள் என்றால் இவன் எண்ணெயாக நிற்பான். ஆனால் பலி கொடுப்பதற்கு அடுத்தவள் வேலைதானா கிடைத்தது?

"கண்ணாடியை இடிச்சதால இல்லையா?"

"சேச்சே, கண்ணாடியை யாரு இடிக்கல? அண்ணன் ஒரு வார்த்தை போன்ல சொல்லட்டும், நாளைக்கே உங்க பேரைச் சேத்துடறேன்."

தன் வேலைக்குத் தன் புருஷன் சிபாரிசா? மல்சுன் ஓய்வறையில் இருந்தவர்கள் பக்கம் திரும்பினாள்.

"இங்க யார் யாரு பொண்டாட்டி, மேனேஜருக்கு ஒரு பெட்டி பேரிக்கா குடுத்து உங்களை வீட்டுக்கு அனுப்பச் சொல்லலாம்? கையைத் தூக்குங்க பாப்போம்!"

மூலையில் இருந்த கிழட்டு ஓட்டுநர் கூ, "என் பொண்டாட்டி ரெண்டு பெட்டி குடுத்தாவது என்னை இங்கயே வெச்சுக்கச் சொல்லுவா" என்றார். அறையே சிரித்தது. பாங்குக்குக் காது மடல் சிவந்துவிட்டது.

"நான் இங்க உனக்கு அண்ணி இல்ல, தெரியுதா? ஓட்டுநர் பியோ மல்சுன். இடம் இருக்கா, இல்லையா?"

"இருக்கு... ஓட்டுநர் பியோ."

"பேரை எழுது."

அவன் எழுதும் வரை அவள் அங்கிருந்து அசையவில்லை.

அவள் வீடு வந்து சேருவதற்குள் பாங் தன் மூத்தவருக்குப் போன் போட்டுவிட்டிருந்தான். கிதே வாசலிலேயே நின்றார்.

"என் மானத்தை வாங்கிட்டியேடி! சின்னப் பயல் முன்னாடி நான் இனி எப்படித் தலை நிமிர்றது?"

"நான் கழிப்பறையில உக்காந்து அழுதேனே, அது யாரு மானம்? கோழி வாங்கிட்டு வந்தீங்களே, தொண்டையில எறங்கிச்சா?"

"உன் நல்லதுக்குத்தான்... அம்மாவை அங்கயே விட்டுட முடியுமா?"

"விடச் சொன்னேனா? தாராளமா வரட்டும். இத்தனை வருஷம் நான் பாக்கலையா? இதைப்பத்தி என்கிட்ட ஒரு வார்த்தை பேசியிருந்தா நானே போய்க் கூட்டிட்டு வந்திருப்பேன். இனிமே நான் ஓட்டுற நாள்ல நீங்க பாருங்க."

"ஓட்டாத நாள்ல?" என்று கொழுந்தன் உள்ளேயிருந்து எட்டிப்பார்த்து ஆவலாகக் கேட்டான். வாயில் கறி.

"ஓட்டாத நாள்ல நான் மல்லாந்து படுத்து மோட்டுவளையைப் பாப்பேன். அன்னிக்கும் உங்க அண்ணன்தான் பாப்பாரு. முடியலன்னா நீ வா. பெத்தவ உங்களைத்தானே பெத்தா?"

அவன் மென்று முடிக்காமலே உள்ளே போய்விட்டான். கிதேயின் குரல் இறங்கியது. ஓய்வு பெற்று மூன்று வருஷமாக நண்பர்களோடு மலை ஏறி, கள்ளு குடித்து இறங்குகிறவர்.

"எனக்கு அதெல்லாம் பழக்கமே இல்லையே, மல்சுன்."

"நான் மட்டும் பழகிட்டா பொறந்தேன்?"

கையுறைகளைக் கழற்றி அவர் நெஞ்சில் எறிந்தாள். சட்டையில் சிவப்பாக ஒட்டியது. இருவரும் பின்கட்டுக்குப் போனபோது பாதி கோஸ் நீர் வடிந்தபடி கிடந்தது. அவள் போனதிலிருந்து ஒருவரும் அதைத் தொட்டிருக்கவில்லை. கிதே தம்பி போன பக்கம் பார்த்தார், யோன்சிமைப் பார்த்தார், வேறு வழியின்றிக் குந்தி உட்கார்ந்தார். கையுறை பாதி விரலுக்கு மேல் ஏறவில்லை. ஒரு கோஸைத் தூக்கிப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். அறுபத்து மூன்று வருஷமாகக் கிம்ச்சி தின்கிற மனுஷன்.

"எந்த இலையிலேருந்து தடவணும்?"

யோன்சிம் பதில் சொல்ல வாயெடுத்தாள்.

"நீ சொல்லாத" என்றாள் மல்சுன். ஒரு தட்டு கறியை எடுத்துக்கொண்டு அவருக்கு எதிரில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். "பள்ளிக்கூடத்து இளையவனுக்குப் போன் போட்டுக் கேக்கட்டும்."