மகளுக்கு ஓர் உவமை

மடத்துவெளி ஊரில் ஒரு செத்தவீடு நடந்தால், அழுகை ஓயுமுன்னமே ஆட்கள் ஜெகதீஸ் மாஸ்ரரைத் தேடி வந்துவிடுவார்கள். முப்பத்தோராம் நாள் செய்கிற அந்தியேட்டியன்று பந்தலில் படித்துப் பங்கிடுகிற கல்வெட்டுப் புத்தகத்துக்கு அவர்தான் பாட்டெழுத வேண்டும். பள்ளிக்கூடத்தில் தமிழ் படிப்பிக்கிற மனுசன். உவமையும் உருவகமும் அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு. செத்தவர் ஊரைச் சுரண்டின ஆளாயிருந்தாலும் வள்ளலாக்கி, கடலையும் கதற வைத்து, தேத்தண்ணீர் ஆறுமுன் எழுதிக் கொடுத்துவிடுவார்.

இப்போது செத்தது அவருடைய மகள் பிரியவதனி. பதின்மூன்று வயது. டெங்குக் காய்ச்சல்.

"ஊரிலை ஆர் செத்தாலும் எழுதினனீங்கள். எங்கட பிள்ளைக்கு ஒரு வரியும் இல்லையோ?" என்று மனைவி சறோஜினிதேவி கேட்டாள். அந்தியேட்டி நெருங்கிவிட்டது. அவளுக்கு வேறொன்றும் வேண்டாம், மகள் பேரில் நல்ல பாட்டொன்று வேண்டும்.

மாஸ்ரர் கதிரையைப் போட்டுக்கொண்டு எழுத இருந்தார். தாமரை முகம் என்று எழுதினார். பிள்ளைக்கு மூக்கு நுனியில் பரு, முன்பல்லில் இடைவெளி. வெட்டினார். குயில் என்றார். அவள் கத்தினால் வேலிக்கு அப்பால் கேட்கும். வாய்க்குள் சோறு இருந்தாலும் கதை நிற்காது. அதையும் வெட்டினார். கடல் அழுதது என்று எழுதப்போய் அவருக்குக் கோபமே வந்தது. கடல் எங்கே அழுதது? பிள்ளையை எடுத்துக்கொண்டு போன அன்றும் அது பேசாமல்தான் கிடந்தது. தெரியாததைத் தெரிந்ததோடு ஒப்பிட்டுக் காட்டுவதுதான் உவமை என்று எத்தனை வகுப்பில் சொல்லியிருப்பார்! மகளைவிட அவருக்கு நன்றாகத் தெரிந்தது இந்த உலகத்தில் என்ன இருக்கிறது, அவளை ஒப்பிட?

கடைசியில் முடியவில்லை. அலுமாரியைத் திறந்து, சில வருசங்களுக்கு முன் கிணற்றில் விழுந்து செத்த நிலாந்தினிக்கு எழுதின பாட்டை எடுத்தார். அடுத்த ஒழுங்கையில் இருக்கிற அம்பிகையின் ஒரே பிள்ளை அவள். பேரை மட்டும் மாற்றி அச்சுக்குக் கொடுத்துவிட்டார். வெட்கக்கேடுதான். பழைய கல்வெட்டை ஊரில் யார் நினைவு வைத்திருக்கப் போகிறார்கள் என்று மனதைத் தேற்றிக்கொண்டார்.

அந்தியேட்டியன்று சறோஜினிதேவியின் தம்பி தயாபரன் எழும்பி நின்று ராகம் இழுத்துப் படித்தான்.

"வீட்டின் விளக்கே, விடியுமுன் அணைந்தாயோ..."

மாஸ்ரர் நிமிர்ந்து பார்த்தார். பெண்கள் பக்கத்தில் இருந்த அம்பிகையின் உதடுகள், தயாபரனுக்கு முந்தியே அடுத்த வரியைச் சொல்லிக்கொண்டிருந்தன. ஒரு சொல்லும் பிசகாத பாடம். இத்தனை வருசமும் அவள் அதை மகளென்றே வைத்துப் படித்திருக்கிறாள். பிரியவதனி என்ற பேர் வந்த இடத்தில் அந்த உதடுகள் நின்றுவிட்டன.

படித்து முடிந்ததும் அம்பிகை எழும்பி, மாஸ்ரரும் மனைவியும் இருந்த இடத்துக்கு நேரே வந்தாள். சறோஜினிதேவி புத்தகத்தை நெஞ்சோடு அணைத்தபடி விம்மினாள்.

"பாத்தியளே அக்கா, எங்கட பிள்ளையை அப்பிடியே எழுதியிருக்கிறார். வேறை ஆருக்கும் இது பொருந்துமோ?"

அம்பிகை மாஸ்ரரை ஒருதரம் பார்த்தாள். பிறகு குனிந்து சறோஜினிதேவியின் கையைப் பிடித்தாள்.

"இல்லைத் தங்கச்சி," என்றாள். "வேறை ஆருக்கும் பொருந்தாது."