சுவரில் இல்லாத எறும்புகள்

பட்டப்பகலில் அனசூயா சுவரைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். "எறும்புய்யா, சாரைசாரையா ஏறுது" என்றாள் புருஷனிடம். சத்தய்யா கௌட் கிட்டே போய்ப் பார்த்தார். வெள்ளையடித்த சுவர் வெறுமனே இருந்தது.

அதிகாரிகள் வந்து அவருடைய கள்ளுக்கடைக்குச் சீல் வைத்ததிலிருந்து ஊரே இப்படித்தான் ஆகிக்கொண்டிருந்தது. பீடி சுற்றும் பெண்களுக்குக் கை நடுங்கி இலை கிழிந்தது. பருத்திக்காட்டில் கூலிக்காரி போச்சவ்வா செத்துப்போன மாமியாரோடு சண்டை போட்டாளாம். ஊர் அம்மன் எல்லம்மாவுக்குக் கள் படைக்காமல் விட்டதால் வந்த கோபம் என்று ஊர் சொன்னது. சத்தய்யாவும் ஆமாம் சாமி போட்டார்.

ஆனால் இது கடைக் கள் நின்றதால் வந்தது என்று அவருக்குத் தெரியும். மரத்துக் கள் போதவில்லை என்று தண்ணீரை ஊற்றி, போதை ஏற அல்பிரசோலம் என்ற தூக்கப் பொடியைக் கலந்தவர் அவர்தானே. டாக்டர் சீட்டு இல்லாமல் யாருக்கும் கொடுக்கக் கூடாத மருந்து அது. அந்தக் கள்ளை அவர் வாயில் வைக்கமாட்டார். அம்மனுக்கும் மனைவிக்கும் சுத்தமான கள்ளைத் தனிக் கலயத்தில் எடுத்துவைப்பார். அப்படி ஒரு பக்தி, அப்படி ஒரு பாசம். ஊரார் தலையில்தான் பொடி.

பிறகு இவளுக்கு ஏன் எறும்பு தெரிகிறது? அம்மன் நிஜமாகவே வந்துவிட்டாளோ என்று அவருக்கே மயிர்க்கூச்செறிந்தது.

"நீ வச்ச கள்ளுல எனக்குத் தூக்கமே வரலைய்யா" என்றாள் அனசூயா, சுவரிலிருந்து கண்ணை எடுக்காமல். "ரொம்ப நாளா அதை அம்மனுக்கே ஊத்திட்டு, கடைக் கள்ளைத்தான் குடிச்சிட்டிருந்தேன். சீல் வச்சதிலிருந்து அதுவும் இல்ல."

சொல்லி முடிப்பதற்குள் துடைப்பம் நழுவியது. அவளும் விழுந்தாள். கை கால்கள் வெட்டி வெட்டி இழுத்தன. ஓடிவந்தவர்கள் கோயிலுக்குத் தூக்கச் சொன்னார்கள். சத்தய்யா ஆட்டோவில் போட்டு அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். எலுமிச்சையும் மஞ்சளுமாக ஊரும் பின்னாலேயே வந்தது.

டாக்டர் ஸ்ரீவாணி, என்ன குடித்தாள் என்று கேட்டார். வாயைத் திறந்தால் ஜெயில். திறக்காவிட்டால் அனசூயா இல்லை.

"நான்தான் மேடம்" என்றார். "கள்ளுல தூக்கப் பொடி கலந்தேன்."

ஊசி போட்டதும் வலிப்பு அடங்கியது. அது என்ன மருந்து என்று சத்தய்யா மெதுவாகக் கேட்டார்.

"நீங்க கலந்த ரகத்து மருந்துதான்" என்றார் டாக்டர். "இங்க ஆளுக்கேத்த அளவு இருக்கு, மூச்சைப் பார்த்துக்க நாங்க இருக்கோம். பழகின உடம்புக்குத் திடீர்னு நிறுத்தினா உயிரே போயிரும். கொஞ்சங்கொஞ்சமாத்தான் குறைக்கணும்."

சத்தய்யா வெளியே வந்தார். வாசலில் போச்சவ்வா யாரோ பின்னால் நிற்பதுபோலத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் எல்லோர் முன்னாலும் கைகூப்பி நடந்ததைச் சொன்னார், தனிக் கலயம் உட்பட.

"அம்மன் ஒண்ணும் செய்யல. டாக்டர் அளந்து கொடுத்தாத்தான் அது மருந்து. என் கையில அது விஷம். யாரும் வீட்டுக்குப் போகாதீங்க, உள்ள வந்து காட்டுங்க" என்றார்.

போச்சவ்வா நடுங்கும் கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"உன் பொண்டாட்டிக்கு நல்ல கள்ளு எடுத்து வச்சியே, அப்ப நாங்க யாருண்ணே?"