விறகுக் கொட்டகையில் பத்தொன்பது நாள்

அறுபத்தொன்றாம் வருஷத்து ஆடிச் சாரலில், நெசவாளி கிதிர் முகம்மது குற்றாலத்துப் பாறையில் வழுக்கி விழுந்து முதுகெலும்பை முறித்துக்கொண்டான். தென்காசியில் ஒரு டாக்டரின் சொந்த ஆஸ்பத்திரியில் நாற்பது நாள் கிடந்தான். "உயிருக்குப் பயமில்ல, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போம்மா" என்று டாக்டர் சொன்னபோது, மனைவி மெஹர் பானு நம்பித்தான் கூட்டிப் போனாள்.

இடுப்புக்குக் கீழே உணர்ச்சியற்ற ஆளை என்ன செய்வதென்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. அசைத்தால் எலும்பு மறுபடி விலகிவிடுமோ என்று பயந்து, கிடத்திய பாயில் கிடத்தியபடியே வைத்திருந்தாள். மூன்றாம் வாரம் வீட்டுக்குள் வாடை வந்தது. சாக்கடைதான் என்று நினைத்து இரண்டு நாள் கழுவி ஊற்றினாள். பிறகுதான் அவனைப் புரட்டிப் பார்த்தாள். பின்னிடுப்பில் உள்ளங்கை அகலத்துக்குக் கறுத்த பள்ளம்; அடியில் எலும்பு தெரிந்தது.

"என்னட்டி பாக்கே?" என்றான். அவனுக்கு வலிக்கவே இல்லை.

"ஒண்ணுமில்ல மச்சான்."

மாட்டுவண்டியில் வைக்கோல் பரப்பி அதே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். வார்டில் இடமில்லை. டாக்டர் வண்டிக்கே வந்து பார்த்துவிட்டுச் சீறினார்.

"இப்படி அழுக விட்டிருக்கியேம்மா! ரெண்டு மணிக்கொருக்கா புரட்டிப் போடணும்னு தெரியாதா?"

"யாரு சொல்லித் தந்தா?" மெஹர் பானு கத்திவிட்டாள். "அஞ்சாறு பேரு சேந்து பாத்த ஆளை, எங்கிட்ட ஒத்தையில தூக்கிக் குடுத்துட்டீங்களே. திரும்பக் கொண்டுபோனா நானே கொன்னுருவேன். இங்கன வாசல்லயே போட்டுட்டுப் போறேன்!"

உடன் வந்திருந்த நர்ஸ் பேச்சித்தாய் டாக்டரிடம் மெதுவாகச் சொன்னாள்: "போன மாசம் கீழப்பாவூர்க்காரரும் இப்பிடித்தான் வந்தாரு சார். முன்னால இலஞ்சிக்காரரு. ரெண்டு பேருமே பொழைக்கல."

அன்று சாயங்காலத்துக்குள் பின்னாலிருந்த விறகுக் கொட்டகையைக் காலி செய்து கட்டில் போட்டார்கள். எங்கே பிடிப்பது, எப்படிப் புரட்டுவது, தலையணையை எங்கே அண்டக் கொடுப்பது என்று பேச்சித்தாய் செய்து காட்டினாள். அரை மணி நேரம்கூட ஆகவில்லை. இவ்வளவுதானா என்று நினைத்தபடியே மெஹர் பானு தானே ஒருமுறை புரட்டிப் பார்த்தாள்.

சீழ் ரத்தத்தில் கலந்திருந்தது. காய்ச்சல் இறங்கவே இல்லை. பத்தொன்பது நாள் நேரம் தப்பாமல் புரட்டினாள். இருபதாம் நாள் காலையில் அவன் மூச்சு நின்றது.

உடலை எடுத்துப்போக ஜமாஅத்து ஆட்கள் வண்டியோடு வந்து நின்றபோதே, பக்கவாதம் வந்த சுரண்டைக்காரர் ஒருவரை வார்டிலிருந்து கொட்டகைக்கு மாற்றினார்கள். அவர் மனைவி பித்துப் பிடித்தவள்போலப் பின்னால் வந்தாள்.

"இனிமே இந்தக் கொட்டகையில வச்சு வீட்டாளுகளுக்குப் பழக்கிக் குடுக்காம யாரையும் அனுப்ப மாட்டோம்மா" என்றார் டாக்டர்.

"எங்க மச்சானை அனுப்பிட்டீங்களே" என்றாள் மெஹர் பானு. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வண்டிக்குப் பின்னால் நடந்தாள்.