பத்து விநாடி மௌனம்

இது நடந்தது 2006 கடைசியிலா 2007 தொடக்கத்திலா என்பது எனக்கு உறுதியாகத் தெரியவில்லை. அன்று மழை பெய்ததாக ஒரு நினைவு இருக்கிறது. சுந்தரவல்லி இல்லவே இல்லை என்கிறாள். மழை பெய்திருந்தால் பாட்டைப் பதிவு செய்திருக்கவே முடியாது, அதனால் அவள் சொல்வதே சரியாக இருக்கலாம். சனிக்கிழமை என்பது மட்டும் நிச்சயம்.

சுந்தரவல்லி என் மனைவி. செங்கல்பட்டில் எங்கள் வீட்டிலேயே பாட்டு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். மேடையில் பாடுவதை மட்டும் விட்டுவிட்டாள். அதற்கு மூன்று வருடம் முன்பு கூடுவாஞ்சேரியில் ஒரு கல்யாண வரவேற்பில் பாடும்போது, இரண்டாம் சரணத்தில் குரல் அடைத்து நின்றுபோனது. பந்திக்கு எழுந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். ரயிலில் வீடு வரும்வரை அவள் பேசவில்லை. நானும் பேசவில்லை. அது எனக்குச் சௌகரியமாக இருந்தது. அவளுக்கு அப்படி இல்லை என்று பிற்பாடுதான் புரிந்துகொண்டேன்.

மாமல்லபுரத்தில் நாட்டிய வகுப்பு நடத்தும் மீராவுக்கு, ஞாயிற்றுக்கிழமை ஒரு கடற்கரை விடுதியில் நிகழ்ச்சி. “நேர்ல வர வேண்டாம்க்கா, சிடில பாடிக் குடுங்க. சனிக்கிழமை நாலு மணிக்கு நானே வந்து வாங்கிக்கறேன். முடியலேன்னா என்கிட்ட பழைய கேசட் ஒண்ணு இருக்கு” என்றாள். யார் முகத்தையும் பார்க்காமல் பாடலாம் என்பதால் சுந்தரவல்லி ஒப்புக்கொண்டாள். “இதுவும் நின்னுபோச்சுன்னா, இனிமே பாடறதாவே இல்லை” என்று என்னிடம் மட்டும் சொன்னாள்.

வீட்டில் ஒரு லேப்டாப் இருந்தது. அதில் நான் சீட்டு விளையாடுவதோடு சரி. அதைப் பதிவுக்குத் தயார் செய்தவன் மாடியில் குடியிருந்த கலையரசன். சிறுசேரி கம்பெனிக்கு கேப் ஓட்டுபவன். லீவு நாளில் ஆர்கெஸ்ட்ராவில் கீபோர்டு வாசிப்பான். வண்டியில் வரும் இன்ஜினீயர் ஒருவரிடம் ஒலிப்பதிவு சாஃப்ட்வேர் வாங்கி வந்திருந்தான். காலையிலேயே ஒரு மைக்கோடு வந்து, தெருச்சத்தம் வராமலிருக்க எங்கள் மெத்தையைத் தூக்கி ஜன்னலில் சாத்தினான். எம்பிராய்டரி வளையத்தில் என் பழைய வேட்டியைக் கிழித்து மாட்டி, மூச்சுக்காற்று மோதாதபடி மைக்குக்கு முன்னால் கட்டினான்.

“சார்ஜர் சொருவுனா உய்யின்னு கேக்குது சார். கழட்டிடு. பேட்டரில ஒன்றரை மணி நேரம் ஓடும். ஃபேனு, ஃபிரிஜ்ஜு எல்லாம் ஆஃப்.”

“அப்புறம்?”

“மாமி பாடறதுக்கு முன்னாடி பத்து விநாடி சும்மா ரெக்கார்டு பண்ணு. யாரும் மூச்சு விடாதீங்க. இந்த ரூம்ல இன்னா குப்பச் சத்தம் கீதுன்னு அது கத்துக்கினு, பாட்டுலேருந்து தொடச்சி எடுத்துரும். எனக்கு ட்ரிப்பு கீது, நீயே பண்ணிடு. கம்முனு குந்தறதுக்கு உன்ன வுட்டா ஆளு ஏது சார்!”

சுந்தரவல்லி அன்று முதல் தடவையாகச் சிரித்தாள்.

பத்து விநாடி மௌனத்தை ஒழுங்காகவே பிடித்தேன். அவள் மெத்தையைப் பார்த்தபடி பாடினாள். நன்றாகவே பாடினாள். பிறகு கலையரசன் எழுதிவைத்த காகிதத்தைப் பார்த்துச் சத்தத்தைத் துடைத்தேன். ‘சேவ்’ செய்யட்டுமா என்று கேட்டது, செய்தேன்.

போட்டுக் கேட்டோம். பாட்டு ஷட்ஜத்துக்கு, அதாவது ச-வுக்கு, வரும்போதெல்லாம் அவள் குரல் கிணற்றுக்குள் விழுந்ததுபோல் மங்கியது. பஞ்சமமான ப-விலும் அப்படியே. அவள் முகம் வெளுத்துவிட்டது.

“அன்னிக்கு மாதிரியே ஆயிடுத்து, பாத்தேளா. நிக்க வேண்டிய இடத்துல குரல் நிக்க மாட்டேங்கறது. மீராவை வரவேண்டாம்னு சொல்லிடுங்கோ.”

ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். நான் வழக்கம்போல் உட்கார்ந்திருந்தேன். போனைக்கூட எடுக்கவில்லை. மூன்றரைக்கு கலையரசனும், அவனுக்குப் பின்னாலேயே, சொன்ன நேரத்துக்கு முன்பாகவே மீராவும் வந்துவிட்டார்கள்.

கலையரசன் ஒருமுறை கேட்டான். பத்து விநாடியைத் தனியாக ஒருமுறை கேட்டான். அலமாரியைப் பார்த்தான்.

“சார், சும்மா ரெக்கார்டு பண்ணியே, அப்போ அது ஓடிக்கினு இருந்துச்சா?”

“எது? எல்லாத்தையும் அணைச்சிட்டேனே.”

“அந்தப் பொட்டி.”

“அது சுருதிப்பா.”

“சுருதின்னா சத்தம் இல்லியா சார்?”

நானும் சுந்தரவல்லியும் ஒருவரையொருவர் பார்த்தோம். விடியற்காலையில் சுருதிப்பெட்டியைப் போட்டால் ராத்திரிதான் அணைப்போம். வீட்டில் அது நாள் முழுக்க ச-வும் ப-வுமாக ஒலிப்பதே எங்களுக்குத் தெரியாது.

“போச்சுடா! ச-வும் ப-வும் குப்பைன்னு சொல்லிக் குடுத்துட்டே. அதும் பாவம், மாமி எங்கெல்லாம் கரெக்டா ச புடிச்சாங்களோ, அங்கெல்லாம் தேடித் தேடித் தொடச்சிருக்குது!”

சுந்தரவல்லி தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். மீரா கட்டில் பலகையில் விழுந்து சிரித்தாள். நான் பழையதன் மேலேயே சேவ் செய்திருந்ததால் பாட்டை மீட்க வழியில்லை. பேட்டரியில் இருபது நிமிடம்தான் மிச்சம்.

“இன்னொரு தரம் பாடிடறேன்” என்றாள் சுந்தரவல்லி.

“நாங்க வெளியில இருக்கோம்க்கா.”

“பரவாயில்லை, இருங்கோ.”

சுருதிப்பெட்டியை அணைத்தோம். நான்கு பேரும் பத்து விநாடி மூச்சைப் பிடித்துக்கொண்டோம். எங்கள் வீடு அவ்வளவு வெறிச்சென்று இருந்து நான் கேட்டதில்லை. பிறகு பெட்டியைப் போட்டதும் அவள் மெத்தைக்கு முதுகு காட்டி, எங்களைப் பார்த்துப் பாடினாள். இரண்டாம் சரணத்தின் தொடக்கத்தில் கலையரசன் மூச்சுச் சத்தம்கூட வராமலிருக்க வாயைப் பொத்திக்கொள்வதைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு முட்டியது. அது பதிவிலும் லேசாகக் கேட்கும். குரல் நின்றுபோகவில்லை.

அந்தப் பாட்டுக்குத்தான் மீராவின் மாணவிகள் ஆடினார்கள். மீரா இப்போது வகுப்பைக் கூடுவாஞ்சேரிக்கு மாற்றிக்கொண்டுவிட்டாள். கலையரசன் கேப் ஓட்டுவதை விட்டுவிட்டு, திருக்கழுக்குன்றத்தில் சின்ன ஒலிப்பதிவுக்கூடம் வைத்திருக்கிறான். சுந்தரவல்லி அதன்பின் மூன்று மேடைகளில் பாடினாள், பிடிக்கவில்லை என்று நிறுத்திக்கொண்டாள். நாட்டிய வகுப்புகளுக்குப் பாடிக் கொடுக்கிறாள். லேப்டாப் நாலு வருடத்தில் செத்துப்போனது. நான் ஓய்வுபெற்றுவிட்டேன்.