சொத்தையில்லாத பல்

பல் டாக்டரம்மா அந்த ஊழியப் பயணத்துக்கு வந்ததே போதகரின் நச்சரிப்பு தாங்காமல்தான். கணவர் போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. அவர் படுக்கையில் கிடந்தபோது சபையே நாற்பது நாள் உபவாசம் இருந்து ஜெபித்தது. அடக்கத்துக்கு வந்த ஒரு பெரிய மனுஷர், "எங்கயோ விசுவாசம் குறைஞ்சிருக்கும்மா" என்று காதோடு சொல்லிவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போனார். அன்றோடு டாக்டரம்மாவுக்கு ஜெபம் நின்றுபோனது. கண்ணை மூடுவார், ஒரு வார்த்தை வராது. இந்தப் பயணத்தோடு சபைக்கும் பெரிய கும்பிடாகப் போட்டுவிடுவது என்று மனதுக்குள் முடிவு கட்டியிருந்தார்.

சபை நடத்திய இலவசப் பல் முகாம் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் நடந்தது. ஊசி போட்டபின் மரத்துப்போக ஐந்து நிமிடம் ஆகும் அல்லவா, அந்த ஐந்து நிமிடமும் ஆண்டவருக்கு என்பது போதகரின் ஏற்பாடு. அந்தப் பொறுப்பு, எல்லோரும் 'ஆமென் அண்ணன்' என்று கூப்பிடும் சபை ஊழியருடையது. நல்ல மனிதர்தான், ஜெபத்தை ஆரம்பிக்கத் தெரியும், முடிக்கத்தான் தெரியாது. பாதி மரத்த வாயோடு ஆமென் சொல்லப் போய் எச்சில் ஒழுகவிட்டவர்கள் ஏராளம்.

காலையில் சலவைக்கூடத்தில் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி வந்தாள். கீழ்வரிசைக் கடைவாய்ப் பல் ஒன்று சொத்தை. ஆமென் அண்ணன் அவள் தலையில் கைவைத்து, "விசுவாசிச்சா வலி இந்த நிமிஷமே ஓடிடும்!" என்று முழங்கியபடி ஜன்னல் வெளிச்சம் மொத்தத்தையும் மறைத்துக்கொண்டு நின்றார். வெளியே வரிசை வாசலைத் தாண்டிவிட்டது. டாக்டரம்மாவுக்குப் பொறுமை போயிற்று. நகருங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லாமல், அந்த இருட்டிலேயே குறடை உள்ளே விட்டுப் பிடுங்கிவிட்டார்.

மதியம் கருவித் தட்டைக் கழுவும்போதுதான் அந்த இருட்டில் பிடுங்கிய பல்லைப் பார்த்தார். பூச்சி இல்லை, கறை இல்லை, ஊசிமுனை அளவுக்குக்கூட ஓட்டை இல்லை. பிடுங்கியது சொத்தைக்குப் பக்கத்துப் பல். இருபத்தாறு வருடத் தொழிலில் இப்படி நடந்ததே இல்லை.

போதகரிடம் சொன்னார். அவர் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "இது வெளிய தெரிஞ்சா நாளைக்கு ஒருத்தர் வரமாட்டாங்க டாக்டரம்மா. வலி இருந்தா அந்தம்மாவே திரும்பி வருவாங்க. அப்போ சத்தமில்லாம சொத்தைப் பல்லை எடுத்துடலாமே."

அப்படியும் செய்யலாம்தான். யாருக்கும் தெரியப்போவதில்லை. டாக்டரம்மா கையைத் துடைத்துக்கொண்டு, விசாரித்து விசாரித்துச் சலவைக்கூடத்துக்கு நடந்தார்.

உள்ளே ஆவி முகத்தில் அடித்தது. வீங்கிய கன்னத்தில் துணியைக் கட்டிக்கொண்டு, அவள் விடுதிப் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். இவரைக் கண்டதும் திருடி மாட்டிக்கொண்டவளைப்போல முழித்தாள்.

"வலி போச்சு டாக்டரம்மா, சுத்தமா போச்சு" என்றாள். சொல்லும்போதே கண்ணில் தண்ணீர் முட்டியது.

"போயிருக்காதும்மா."

அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "போகலதான். அந்த அண்ணன்கிட்ட சொல்லிடாதீங்க. நான் சாமிக்காக வரல, ஓசியில பல்லு பிடுங்குறாங்கன்னுதான் வந்தேன். அது சாமிக்குத் தெரிஞ்சிருச்சு. என்கிட்ட விசுவாசம் இல்ல, அதான் வலி போகல."

எட்டு மாதமாக டாக்டரம்மா ராத்திரி பகல் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தது இதைத்தானே!

"இல்லம்மா" என்றார். குரல் அவர் நினைத்ததைவிடச் சத்தமாக வந்தது. "உங்க விசுவாசத்துல ஒரு குறையும் இல்ல. தப்பு என் கையில. நான் நல்ல பல்லைப் பிடுங்கிட்டேன். சொத்தை அங்கேயே இருக்கு. என்னை மன்னிச்சிடுங்க."

அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் பொரிந்து தள்ளிவிட்டாள். "நல்ல பல்லையா? கண்ணை எங்க வச்சிருந்தீங்க? நீங்களும் ஒரு டாக்டரா?" டாக்டரம்மா தலையைக் குனிந்து அத்தனையையும் வாங்கிக்கொண்டார். பக்கத்து மேசைக்காரிகள் வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

திட்டித் தீர்ந்ததும் அவள் மெல்லக் கேட்டாள்: "அப்போ... சாமிக்கு என்மேல கோபம் இல்லையா?"

"இல்ல."

அவள் அங்கேயே துணி மூட்டைமேல் உட்கார்ந்து அழுதாள். கோபத்தில் அல்ல, பாரம் இறங்கிய அழுகை. டாக்டரம்மாவும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். கணவரை அடக்கம் செய்த அன்றுகூட இவர் இப்படி அழவில்லை.

"அந்த இடத்துல புதுப் பல் கட்டித்தர வேண்டியது என் பொறுப்பு. சொத்தையையும் எடுத்தாகணும். வேற டாக்டர்கிட்ட போறதுன்னா நானே கூட்டிட்டுப் போறேன்" என்றார்.

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "வேற யாரு, தான் செஞ்ச தப்பைத் தேடி இவ்வளவு தூரம் வருவாங்க? நீங்களே எடுங்க. இப்பவே போலாம்."

வகுப்பறையில் வெயில் இன்னும் மிச்சம் இருந்தது. டாக்டரம்மா ஊசி போட்டார். ஐந்து நிமிடம். ஆமென் அண்ணன் எழுந்து வந்தார். அவள் கை காட்டித் தடுத்து, "ஜெபத்த டாக்டரம்மா சொல்லட்டும்" என்றாள்.

டாக்டரம்மா முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். "ஆண்டவரே, சரியான பல்லைக் காட்டுங்க" என்று வந்தது. அதோடு நிற்கும் என்றுதான் நினைத்தார். நிற்கவில்லை. "என் வீட்டுக்காரரையும் பாத்துக்கோங்க. அவருக்கு ராத்திரியில இருமல் வரும்."

நாற்காலியில் சாய்ந்திருந்தவள் கையை நீட்டி, டாக்டரம்மாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். ஐந்து நிமிடம் முடிந்து வெகுநேரம் ஆகியும் ஒருவரும் அவசரப்படுத்தவில்லை.