மச்சினன் போடாத கோடி

பொன்ராஜின் உயிர் எண்ணூறு ரூபாய்க்குப் போனது. மதியச் சாப்பாடு தனி.

ஆயிரம் கேட்டுப் பார்த்தார். கண்ணை மூடிப் படுக்கிற வேலைக்கு இதுவே அதிகம், வசனம் பேசினால்தான் ஆயிரம் என்று சினிமாக்காரர்கள் முடித்துவிட்டார்கள். சாணார்பட்டிப் பக்கம் படம் பிடிக்க வந்தவர்களுக்கு, கதாநாயகி மேலே விழுந்து அழ ஒரு பிணம் தேவைப்பட்டிருக்கிறது. தோட்டத்தில் சம்பங்கி பறித்துக்கொண்டிருந்த பொன்ராஜைப் பார்த்ததும், தேடின முகம் கிடைத்துவிட்டது என்றார்களாம். அவர் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

படம் திண்டுக்கல்லில் இரண்டு நாள் ஓடியது. ஊர்க்காரர்கள் வேன் பேசி முடிப்பதற்குள் தூக்கிவிட்டார்கள். ஆகவே பொன்ராஜ் செத்ததை ஊரில் ஒருவரும் திரையில் பார்த்ததில்லை. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் டிவியில் விருது விழா வந்தது. சிறந்த நடிகைப் போட்டியில் அந்தக் கதாநாயகியும் இருக்கிறாள், அழுகிற காட்சியைக் கட்டாயம் காட்டுவார்கள் என்று மகள் யுவராணி போனில் பார்த்துச் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் பொன்ராஜ் வீட்டு டிவிக்கு முன்னால் தெருவே உட்கார்ந்திருந்தது. முன்வரிசையில், பொன்ராஜின் மனைவி ராக்கம்மாளின் தம்பி நாச்சிமுத்து. யுவராணிக்கு அடுத்த வாரம் கல்யாணம். தாய்மாமன் சபையில் உட்காராமல் கல்யாணம் நடக்காது என்பதால், அதுவரை அந்த வீட்டில் முதல் காப்பி அவருக்குத்தான். சீர் கொண்டுவர வாங்கிய பட்டுக்கரை வேட்டியைக் காட்டுவதற்காகப் பையில் வைத்திருந்தார். கடைசி வரிசையில் பேச்சிமுத்து, தென்னந்தோப்புக்காரர். வாய்க்கால் தண்ணீர்த் தகராறிலிருந்து அவருக்கும் நாச்சிமுத்துவுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. அன்றைக்கு அவர் மீசைக்குக் கறுப்பு மை பூசி வந்திருந்ததன் காரணம் யாருக்கும் புரியவில்லை.

விழா நடந்தது. ஒரு விருதைக் கொடுக்க மூன்று பேர் மேடையேறினார்கள். கொடுத்தவருக்கு அடுத்ததாக ஒரு விருது கொடுத்தார்கள். வாங்கியவர் அடுத்தவருக்குக் கொடுக்க மேடையிலேயே நின்றுகொண்டார். எண்ணெய், பற்பசை, நகைக்கடை எல்லாம் முறைவைத்து இடையிடையே வந்து போயின. சந்தைக்குக் கொண்டுவந்த சரக்கைத் தங்களுக்குள்ளேயே விற்று வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிற வியாபாரிகளை ஊர் அன்றுதான் பார்த்தது.

கடைசியில் காட்சி வந்தது. பெஞ்சின் மேல் பொன்ராஜ். தெரு கைதட்டியது. கதாநாயகி ஓடி வந்து விழுந்தாள். தலைமுடி கலையவில்லை, முந்தானையில் மூக்கைச் சிந்தவில்லை, இது என்ன அழுகை என்று பெண்கள் அப்போதே மார்க்கைக் குறைத்துவிட்டார்கள். அப்புறம் ஓர் ஆள் குனிந்து பிணத்தின் மேல் கோடித் துணியைப் போர்த்தினார். மீசை மட்டும் பளிச்சென்று தெரிந்தது. பேச்சிமுத்துவின் மீசை.

கைதட்டல் நின்றது.

அந்தப் பக்கத்தில் ஒருவர் செத்தால், முதல் கோடி மனைவியின் உடன்பிறந்தவன் போர்த்த வேண்டும். வேறு யார் தொட்டாலும், மச்சினன் என்று ஓர் ஆளே இல்லை என்று ஊரறியச் சொன்ன மாதிரி. நாச்சிமுத்து எழுந்தார். காப்பி டம்ளரைக் கீழே வைத்தார்.

“மாமா, நான் உசுரோடதான இருக்கேன்?”

படப்பிடிப்பன்று நாச்சிமுத்து தக்காளி லோடோடு ஒட்டன்சத்திரம் போயிருந்தார். மச்சினன் வேடத்துக்கு மீசை வைத்த ஆள் வேண்டும் என்று கேட்டதும், முதலில் கைதூக்கியது பேச்சிமுத்துதான். இதைப் பற்றியெல்லாம் பொன்ராஜ் இத்தனை நாள் வாயே திறக்கவில்லை.

“கண்ண மூடிக் கெடந்தேன் மாப்ள. எவன் போத்துனான்னு எனக்கு எப்பிடித் தெரியும்?”

“நடிப்புதானப்பா” என்றார் பேச்சிமுத்து, மீசையைத் தடவிக்கொண்டே.

“யுவராணி கல்யாணத்துக்கும் அவரையே மாமனா உக்கார வைங்க. அதையும் நடிக்கட்டும்” என்று நாச்சிமுத்து பையை எடுத்தார். யுவராணி டிவியைப் பார்ப்பதை விட்டு மாமனைப் பார்த்தாள். நடித்தது உறவாகாது என்று தெருவிலிருந்த பெரிய மனிதர்கள் ஆளுக்கொரு விதமாக எடுத்துச் சொன்னார்கள். நாச்சிமுத்துவும் ஒரு மட்டுக்கு இறங்கி வந்து, வாசற்படியில் நின்றார்.

அந்த நேரம் பார்த்துக் கதாநாயகிக்கு விருது கிடைத்துவிட்டது. இயக்குநருக்கு நன்றி சொன்னாள், சிகையலங்காரக்காரருக்குச் சொன்னாள், வீட்டு நாய்க்குச் சொன்னாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்தக் காட்சியில் தான் நடிக்கவே இல்லை, அது நிஜமான சாவு, நிஜமான அழுகை என்றாள்.

நாச்சிமுத்து திரும்பினார். “கேட்டீகளா? அழுதவளே சொல்லுறா. சாவு நெசமாம், அழுக நெசமாம். கோடி மட்டும் நடிப்பா?”

விழா அரங்கில் அம்புட்டுப் பேர் கைதட்டி ஒப்புக்கொண்டதைச் சாணார்பட்டி எப்படி மறுக்கும்? நாச்சிமுத்துவின் கால் செருப்பில் நுழைந்துவிட்டது.

ராக்கம்மாளுக்கு வேறொரு எரிச்சலும் சேர்ந்துகொண்டது. தன் புருஷனுக்கு எவளோ ஒருத்தி நிஜமாக அழுதிருக்கிறாள். விறுவிறுவென்று போய்க் கயிற்றுக் கட்டிலைக் கூடத்தில் இழுத்துப் போட்டாள்.

“ஏங்க, செத்த நேரம் படுங்க. ஏலே தம்பி, பையில என்ன வச்சிருக்க? எடு.”

“அது கல்யாண வேட்டிக்கா.”

“வேற வாங்கிக்கிருவோம். போத்து.”

பொன்ராஜ் படுத்தார். பழகின வேலை, முகம் தானாகவே அமைந்தது. நாச்சிமுத்து பட்டுக்கரை வேட்டியை விரித்து, நெஞ்சிலிருந்து கால்வரை சுருக்கமில்லாமல் போர்த்தினார். பேச்சிமுத்து ஒழுங்காகப் பார்க்கட்டும் என்று ஓரத்தை இரண்டாம் முறையும் இழுத்துவிட்டார். டிவியில் யாரோ வாழ்நாள் சாதனைக்கு விருது வாங்கிக்கொண்டிருந்தார். ஒருவரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

அப்புறம் எல்லாரும் ராக்கம்மாளைப் பார்த்தார்கள். முறை என்றால் அழுகையும் சேர்த்துத்தானே. சிரிப்பை அடக்கிக்கொண்டு அவள் பொய்யாக ஒரு வரி இழுத்தாள். இரண்டாவது வரியில் குரல் உடைந்தது. மூன்றாவதற்குப் போகாமல் முந்தானையில் மூக்கைச் சிந்தினாள்.

“எந்திரிங்க. போதும், படுத்தது” என்று அவர் தோளில் ஓர் அடி வைத்தாள்.

பெண்கள் இம்முறை மார்க்கைக் குறைக்கவில்லை. நாச்சிமுத்து செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, ஆறிப்போன காப்பியையே எடுத்துக் குடித்தார். யுவராணிக்கு மூச்சு வந்தது.

பொன்ராஜ் எழுந்து உட்கார்ந்தார். போர்த்தியதைத் திருப்பிக் கேட்க முடியாது என்பதால் வேட்டியை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். சினிமாக் கோடியைப் படப்பிடிப்பன்று சாயங்காலமே எண்ணி வாங்கிப் போய்விட்டார்கள், இது மிச்சம். மனசுக்குள் கூட்டிப் பார்த்தார். கோடி விழுந்தது இரண்டு. அழுதவர்கள் இரண்டு பேர். அழுகைக்கு வந்த விருது ஒன்று. வரவேண்டியதெல்லாம் வந்து சேர்ந்துவிட்டது. அவர் தரப்பில்தான் ஒரு சாவு பாக்கி.